ஒலிபெருக்கிக்குள் வைத்த குரல்

என் பெயர் உலார்பெக். தகப்பனார் பெயர் சாதிர். வயது முப்பத்தெட்டு. காராகோல் நகரில் பழைய பஜாருக்குப் பின்புறம் பதினான்காம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். கணினிக்கு நிரல் எழுதுவது என் தொழில். விசாரணை அதிகாரியிடம் இதே விவரத்தை இன்று மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.

தாஷ்-புலாக் கிராமத்துக்கு மேலே பனிமலையில் ஓர் ஏரி இருக்கிறது. அது உடைந்தால் ஆற்றோரத்து ஜனங்களை எச்சரிக்க ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். அதை இயக்கும் நிரலை எழுதியவன் நான். பேசும் குரல் அந்தக் கிராம அலுவலக ஊழியர் புருல்சுனுடையது. ஏரி உடைந்துவிட்டது, எல்லோரும் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போங்கள் என்பது அவள் முதலில் பேசிக் கொடுத்தது.

ஆரம்பத்தில் அந்தப் பதிவு அலுவலகக் கணினியில் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தது. சென்ற ஆண்டு மார்ச்சில், கிராமத் தலைவர் மெதெர்பெக்கின் பிறந்த நாளுக்கு அலுவலகத்தார் அதை எடுத்துவிட்டு அதே பெயரில் ஒரு கல்யாணப் பாட்டை வைத்து ஊருக்கே ஒலிக்கவிட்டார்கள். பதினொரு நாள் அதைத் திருப்பி மாற்றவில்லை. அந்தப் பதினொரு நாளில் ஏரி உடையாதது ஊர் செய்த புண்ணியம்.

அதன் பிறகு மெதெர்பெக் என்னை அழைத்து, எவன் கையும் படாதபடி செய் என்றார். நான் நிரலைக் கம்பைல் செய்யும்போதே, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும்போதே, குரலையும் அதற்குள் சேர்த்துவிட்டேன். இனி குரலை மாற்ற வேண்டுமானால் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். அவர் தேநீர் குடித்தபடி தலையாட்டினார். செவிடன் காதில் ஊதிய சங்கு. பழைய ஃபோல்டரை அழிக்க நான் மறந்துவிட்டேன்.

புருல்சுன் இந்த ஜூனில் பேசி வைத்த புதிய பதிவு ஃபோல்டரில் இருக்க, ஒலிபெருக்கியில் பழைய குரல் எப்படிப் பேசும் என்று இதை எழுதும் அதிகாரி ஒரு மணி நேரமாகக் கேட்கிறார். சம்சாவைச் சுட்டு எடுத்த பிறகு உள்ளே இருக்கும் இறைச்சியை மாற்ற முடியாது, வேறு வேண்டுமானால் மாவிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். சம்சாவையும் எழுதிக்கொண்டார்.

இந்த ஆண்டு மே மாத வெள்ளத்தில் பாலத்தின் நடுத்தூண் சரிந்தது. ஜூனில் புருல்சுன், பாலத்துக்குப் போகாதீர்கள், பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறுங்கள் என்று புதிதாகப் பேசி அந்த ஃபோல்டரில் வைத்து, அலுவலகக் கணினியில் கேட்டும் பார்த்தாள். ஒலிபெருக்கியில் போட்டுப் பார்க்கவில்லை. முன்பொரு முறை சோதித்தபோது ஜனங்கள் ஆடுகளோடு பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு ஒரு மாதம் திட்டியதால், சோதனையே கூடாது என்பது தலைவர் உத்தரவு. எனக்கு ஒருவரும் தகவல் சொல்லவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி காலை ஏழரை மணிக்கு ஏரி உடைந்தது. பழைய பேச்சே ஒலித்தது. பாலத்தின் நிலை தெரிந்த ஜனங்கள் ஒலிபெருக்கியைத் திட்டிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். புருல்சுனின் தகப்பனார் ஜுமாபாய் மட்டும் பாலத்தை நோக்கி நடந்தார். பக்கத்து வீட்டார் தடுத்தபோது, "எம் பொண்ணுல்ல சொல்றா. பாலத்தைச் சரி பண்ணாமயா போகச் சொல்லுவா?" என்றாராம். மாலையில் ஆற்றின் கீழ்ப்புறம் அவர் உடலை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் புருல்சுன் என் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே, "அண்ணா, மாத்த முடியாதுன்னா அந்த ஃபோல்டரை எதுக்கு விட்டு வச்சீங்க?" என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்று அவளிடமும் சொன்னேன்.

அது பொய். ஃபோல்டர் இல்லாவிட்டால் அலுவலகத்தார் குரலை மாற்றச் சொல்லி வாரம் ஒரு முறை போன் செய்து என் உயிரை எடுப்பார்கள். இருந்தால், வேண்டியதை அதில் போட்டு விளையாடிக்கொண்டு என்னை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தேதான் விட்டு வைத்தேன். அவர்கள் தொல்லை தாங்காமல் செய்தேன். வேறு காரணம் இல்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மேலே, மறந்துவிட்டேன் என்ற வரியை என் கையாலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்) உலார்பெக்