உயர்கணித வகுப்பில் பத்தாவதாக அமர்ந்தவருக்கு

மைதானத்தின் மன்னரே, மணி ஒலிக்குமுன் வந்து மாலை வெயில் சாய்ந்தபின் செல்லும் மாண்பாளரே, 'விசில் சார்' என்று பள்ளியே அழைத்து மகிழும் உடற்கல்வி ஆசிரியப் பெருந்தகையே, வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள் இப்பள்ளியின் புழுதியைப் புகழாக்கினீர்கள். ஓடத் தெரியாதவரை ஓடவைத்தீர்கள். ஓடி ஒளிந்தவரைத் தேடிப் பிடித்தீர்கள். தாங்கள் ஈட்டித் தந்த கோப்பைகளைப் பற்றிப் பிற மேடைகள் பேசிவிட்டன. தேர்வு நெருங்கினால் தங்கள் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர்கள் கூசாமல் கேட்பதும், தாங்கள் முகம் சுளிக்காமல் கொடுப்பதும் இங்குள்ள மரபு. அந்தக் கணக்கே ஒருநாள் தங்களைத் தேடி வந்ததைத்தான் இம்மடல் சொல்ல விழைகிறது.

ஏழாண்டுகளுக்கு முன், கல்வியாண்டின் நடுவில், பன்னிரண்டாம் வகுப்பின் உயர்கணித ஆசிரியை உடல்நலம் குன்றி நெடுவிடுப்பில் சென்றார். மற்றக் கணக்கு ஆசிரியர்கள் கீழ்வகுப்புகளுக்கே போதவில்லை; மாற்று ஆசிரியர் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி இல்லை. மாணவர்களோ ஒன்பதே பேர்.

"பாடத்தை மாத்திக்கச் சொல்லிடலாம். வேற வழி தெரியல" என்றார் தலைமையாசிரியை.

ஒன்பது பேரின் பொறியியல் கனவும் அந்தச் சொல்லில் ஊசலாடியது. ஆசிரியர் அறையில் நாங்கள் அவரவர் பாடவேளை அட்டவணையைப் புரட்டினோம். கணக்கைப் பத்தாம் வகுப்போடு கைகழுவிய தாங்கள்தான் எழுந்தீர்கள்.

"வகுப்புல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும், அவ்வளவுதானே மேடம்? நான் இருக்கேன்."

மறுநாள் ஆசிரியர் நாற்காலியை விடுத்து, கடைசிப் பெஞ்சில் பத்தாவது ஆளாக அமர்ந்தீர்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆளுக்கொரு கணக்கா போர்டுல போடுங்க. புரியலைன்னா விசில் அடிப்பேன்" என்றீர்கள். பாடநூலின் பின்பக்கத்தில் விடை இருந்தது, வழிதான் இல்லை. வழியை அவர்களே தேடினார்கள். முதல் வாரம் முழுதும் விசில் ஓயவில்லை. பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய எங்களுக்குக் காது அடைத்தது என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறோம்.

தொகையிடல் பாடம் நடந்த நாளில் நீண்ட விசில் ஒன்று கேட்டது. "ஒவ்வொரு விடைக்குப் பின்னாலயும் ஒரு C போடுறீங்களே, அது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டீர்கள். பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர், வகுப்பில் அதுவரை வாயே திறவாத மாணவி, மெல்ல எழுந்தாள்.

"வகைக்கெழு எடுக்கும்போது மாறிலி காணாமப் போயிடும் சார். திரும்பி வரும்போது அது எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு இருந்திருக்கலாம்னு எழுதி வைக்கணும்."

விசிலைக் கீழே வைத்துவிட்டு, "இப்பப் புரியுது. உக்காரும்மா" என்றீர்கள்.

ஒன்பது பேரும் தேர்வெழுதினர். எட்டுப் பேர் தேறினர். நான்கு மதிப்பெண்ணில் தவறியவள் அந்தக் கோல்கீப்பர். எட்டுப் பேரின் மகிழ்ச்சியில் நாங்கள் திளைத்திருக்க, தாங்கள் எங்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குச் சென்றீர்கள். அவள் தந்தை லாரி மெக்கானிக்.

"விட்டுடுங்க சார். அவளுக்குக் கணக்கு வராது."

"எனக்கே வந்துடுச்சுங்க" என்றீர்கள்.

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். துணைத்தேர்வில் தேறியவள், இன்று பாலம் கட்டும் நிறுவனமொன்றில் வரைபடங்களைச் சரிபார்க்கிறாள். புதிய கணித ஆசிரியர் வந்ததும் தாங்கள் மைதானத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். யார் புகழ்ந்தாலும், "நானா சொல்லிக்குடுத்தேன்? அவங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க" என்பதே பதில்.

அந்தப் பதிலை நாங்களும் ஏழாண்டுகள் நம்பியிருந்தோம். சென்ற வாரம் இப்பணிநிறைவு விழாவுக்கு அழைக்கத் தங்கள் இல்லம் வந்தபோது, தாங்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், துணைவியார் சமையலறைக் கதவின் உட்புறத்தைக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை பென்சிலால் கணக்குகள். அடித்தும் திருத்தியும் தங்கள் கையெழுத்து.

"அந்த வருஷம் விடிஞ்சதும் ஆரம்பிச்சிடுவார். பசங்க எங்க தடுக்கி விழுவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சாத்தான் அந்த இடத்துல நிறுத்திக் கேக்க முடியும்பார். பெயிண்ட் அடிக்க ஆள் வந்தப்ப, இந்தக் கதவை மட்டும் விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் அம்மையார்.

அக்கதவுள்ள இல்லத்தில், அவரும் தாங்களும் மூட்டுவலி அண்டாமல், முகமலர்ச்சி மங்காமல், நெடுங்காலம் நிறைவுடன் வாழ நெஞ்சார வேண்டுகிறோம்.

தங்களுடன் பணியாற்றிய பெருமை கொண்ட,
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்