செப அறை ரோட்டுக்கு இறங்கியது

வெள்ளவத்தையில் நான் ஏறிய பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரே கம்பெனி டீ-ஷேர்ட்டோடு ஒரு பெண்ணும் அவளை விட இளைய ஒருவனும்.

"அந்தோனியார் ரோட்டில போறார் அக்கா, ஸ்கிரீன்ல அந்த அம்மா செப அறைக்குள்ளயே இருக்கிறா" என்றான் அவன்.

நான் இயர்போனைக் கழற்றினேன்.

"விளங்குற மாதிரிச் சொல்லு."

"கொட்டாஞ்சேனை முதியோர் இல்லத்தில நான் பூட்டின பீக்கன். அறைக்கு ஒரு சின்ன சிக்னல் பெட்டி. அந்த அம்மா மாதிரி மறதி வந்த ஆக்கள் வெளிய போயிடாமப் பார்க்கத்தான். ஆளின்ர கைப்பட்டிக்கு எந்தப் பெட்டி கிட்டவோ, அந்த அறையை ஸ்கிரீன் காட்டும். கேட் பெட்டிக்குக் கிட்டப் போனா அலாரம் அடிக்கும்."

"பிறகேன் அடிக்கேல்ல?"

"செப அறைப் பெட்டியை அந்தோனியார் சொரூபத்துக்குப் பின்னால ஒட்டிட்டன். சுவருக்கு அப்பதான் பெயின்ட் அடிச்சது, அதில ஒட்ட வேணாம் எண்டு சிஸ்டர் சொன்னவ."

"ஐயோ கடவுளே! திருநாளுக்குச் சொரூபம் வெளிய போகுமே!"

"போனதுதான். அந்த அம்மா சொரூபத்தோட ஒட்டிக்கொண்டே கேட்டைத் தாண்டிட்டா, கேட் பெட்டியை விட செப அறைப் பெட்டிதான் அவவுக்குக் கிட்ட. பின்னேரம் மருதானை ஸ்டேஷன்லதான் ஆளைக் கண்டுபிடிச்சவங்க. காலில செருப்பும் இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீயும் கத்தோலிக்கன்தானேடா? சொரூபத்தைத் தூக்குவாங்க எண்டு தெரியாதா?"

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"தூக்கினதில நானும் ஒருத்தன் அக்கா. அந்த அம்மா என்ர பக்கத்திலதான் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தவ. கேட்டடியில நெரிசல். நான்தான் விலகி அவவுக்கு வழி விட்டனான்."