டேப் தட்ட மாட்டேன்

இல்ல சார், டேப் தட்ட மாட்டேன், அந்தப் பட்டனைத் தட்டினா ஸ்கிரீன்ல அதுவா எழுதினதை நான் ஒத்துக்கினதா ஆயிடும். டைம் ஓடுதுன்னு எனக்கும் தெரியுது. இன்டர்வியூல பெயில் போட்டாலும் போடுங்க, முழுசா படிச்சுட்டுதான் தட்டுவேன்.

புரோகிராம் எழுதற இந்த எடிட்டர் சாப்ட்வேர் மேல எனக்கு இன்னா கோவம்? டேபிள் பேர்ல ரெண்டு எழுத்து போட்டா மீதியை அதுவே எடுத்துக் குடுக்குது, பிராக்கெட்டை மூட மறந்தா செவப்புக் கோடு போடுது. நல்லாத்தான் கீது. பதினோரு வருஷமா டேட்டாபேஸ் வேலை பாக்கறேன், வசதி வேணாம்னு சொல்ல நான் என்ன லூசா? ஆனா யாரை அழிக்கணும்னு அது சொல்லக்கூடாது சார்.

பழைய வேலையை ஏன் விட்டேன்னு கேட்டீங்க இல்ல? கேட்டுக்குங்க. வெள்ளம் வந்தா எந்தெந்த வூட்டுக்குப் படகு போகணும்னு ஒரு டிரஸ்ட்டுக்கு லிஸ்ட் பண்ணிக் குடுத்தோம். ரெண்டு தடவை பதிஞ்சவங்களை ஒண்ணாக்க ஒரு ஃபங்ஷன், அதான் ஒரு சின்ன புரோகிராம். நான் அதுக்குப் பேர் மட்டும்தான் வெச்சேன். மீதியை எடிட்டரே சாம்பல் கலர்ல எழுதிக் காட்டுச்சு. ஒரு போன் நம்பருக்கு ஒரு வூடு, மீதியை அழி. பாக்க அம்சமா இருந்துச்சு. டேப் தட்டிட்டேன்.

அனகாபுத்தூர்ல ஆத்தோரத்துச் சந்துங்கள்ல போய்ப் பாருங்க. நாலு வூட்டுக்கு ஒரே நம்பரைக் குடுப்பாங்க. போன் இல்லாம இல்ல சார். ஓடிபி வந்தா, இங்கிலீஷ்ல யாராச்சும் பேசினா, பதில் சொல்லத் தெரிஞ்ச ஒரு ஆளோட நம்பர். அப்புறம் வெள்ளம் வந்தப்ப அந்த நாலுல ஒரு வூட்டுக்குத்தான் படகு வந்துச்சு. பக்கத்து வூட்டு பேபி அக்கா லிஸ்ட்ல இல்ல, அப்புறம் வர்றோம்னு போய்ட்டாங்க. ரெண்டு நாளு அக்கா மொட்டை மாடியில தண்ணி டேங்க்கைக் கட்டிப் புடிச்சுகினு கெடந்தாங்க.

மேனேஜர் மோகன்ராஜ் சார், எடிட்டர் தப்புன்னு எழுதிக் குடு, உன் வேலை போகாதுன்னாரு. முடியாதுன்னேன். தட்டுன வெரலு யாருது? வேலையே வேணாம்னு வந்துட்டேன்.

இப்ப உங்க ஸ்கிரீனைப் பாருங்க. அதே சாம்பல் எழுத்து. ஒரு நம்பருக்கு ஒரு கஸ்டமராம். தட்டச் சொல்றீங்களே, மனசு வருமா எனக்கு?

அந்த நாலு வூட்டுக்காரங்க குடுத்தது யார் நம்பரா? உங்க கையில என் பயோடேட்டா கீதே, ஹேமாவதின்னு போட்டிருக்கறதுக்குக் கீழ பாருங்க. அதேதான். படகுல ஏறிப் போனவளும் நான்தான். போன வாரம்கூட பேபி அக்கா கேஸ் சிலிண்டர் புக் பண்ண அந்த நம்பரைத்தான் குடுத்தாங்க.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், இன்னும் பாதி படிக்கல.