நாற்காலிக் காலுக்கு ஒரு துண்டுத் துணி

— இந்த நாற்காலி காலுக்கடியில துணி மடிச்சு வச்சது யாரு?

— நான்தான் டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. மூணாவது வாரமே வச்சேன். என் தையல்கடையில மிஞ்சின துண்டு. ஒரு கால் குட்டை, ஆடிக்கிட்டே இருந்துச்சு.

— ஆடுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நான் கிளம்பட்டா? வெளியில நாலு பேரு காத்துக்கிட்டிருக்காங்க.

— பையைக் கீழ வைங்கம்மா. இன்னும் கால்மணி உங்களோடது.

— வச்சுட்டேன். இன்னிக்குத்தானே கடைசி? மனசு தேறிடுச்சுன்னு எழுதிக் குடுத்தா போயிடுவேன். மனசு எப்படியிருக்குன்னு வாராவாரம் மார்க்கு போடச் சொன்ன தாள்ல பாருங்க, பத்துக்கு ஒம்பது போட்டிருக்கேன்.

— பாத்தேன். மூணுல ஆரம்பிச்சு வாரம் தவறாம ஏறியிருக்கு. நானும் பூரிச்சுப் போயிட்டேன். இந்தத் துணியைப் பாத்ததும் அந்த மார்க்கு மேலயே சந்தேகம் வருது.

— ஐயோ, எடுத்துடறேன்...

— இருக்கட்டும். தப்பு என்னோடது. மத்தவங்ககிட்ட "தைரியமா இருங்க"ன்னா, முடியாதுன்னு சண்டைக்கு வருவாங்க. நீங்க எனக்காகத் தைரியமா இருக்கற மாதிரியே நடிச்சுடுவீங்க. உங்களுக்கு வேற வைத்தியம். இங்க பிடிக்காதது ஒண்ணு சொல்லுங்க.

— எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— ஒண்ணே ஒண்ணு.

— ஜன்னல்... இல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல.

— மறுபடியும் எந்திரிச்சுட்டீங்க.

— உக்காந்துட்டேன், உக்காந்துட்டேன். சொல்லிடட்டா? நான் பேசறப்ப நீங்க கடிகாரத்தைப் பாக்கறீங்க.

— ஆமா, பாக்கறேன். அப்ப என்ன பண்ணுவீங்க?

— பேச்சைச் சுருக்கிக்குவேன். வீட்டுக்காரர், மாமியார், சட்டை தைக்கக் குடுக்க வர்றவங்க, யாரு முகம் எப்ப சுருங்கும்னு டேப்பு வைக்காமலே எனக்கு அளவு தெரியும்.

— என் முகத்தையும் அளந்தீங்களா?

— பின்ன? நீங்க சோர்ந்து போயிருக்கற அன்னிக்கு ரெண்டு மார்க்கு கூட்டிப் போடுவேன். பாத்ததும் சிரிப்பீங்க. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு வீட்டுக்குப் போவேன்.

— உங்களுக்கு நிஜமா எவ்வளவும்மா? இன்னிக்கு, இப்ப?

— ஒண்ணு. மொத வாரம் போட்ட மூணே பொய்.

— ம்... யாரோ கதவைத் தட்டறாங்க.

— தட்டட்டும் டாக்டரம்மா. நான் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.