காற்று எடுக்கும் வேலை

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் வீட்டில் சர்க்கரை போட மாட்டார்கள். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கு ஆகாதது வீட்டில் யாருக்கும் ஆகாது.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. கீழே ஒர்க்ஷாப், மேலே வீடு, நடுவில் ஒரு படிக்கட்டு. கல்யாணமான புதிதில், "ஒரு வருஷம் எங்களோட இருங்க மாப்பிள்ளை, அப்புறம் தனியா போய்க்கலாம்" என்றார் மாமனார். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எனக்குத் தலைவலி என்றால் வீடே டிவியை அணைத்துவிடும். கொஞ்சம் மூச்சுவிடலாமென்று தெருவில் போய் நின்றால், "மாப்பிள்ளை ஏன் தனியா நிக்கிறார், என்னன்னு போய்ப் பாரு" என்று ஆள் அனுப்புவார். இப்படியே அங்கே எனக்கு முடி நரைக்க ஆரம்பித்துவிட்டது.

ஒர்க்ஷாப்பில் எனக்குக் கூட்டாளி மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி. கைவேலையில் கெட்டிக்காரன், வாயும் ஓயாது. வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நானும் மனைவியும் ரகசியமாகப் பேசி வைத்திருந்தோம். மாமனாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

சாப்பிடும்போதுதான் சொன்னான். "அப்பா, நான் வெளியூர் போறேன். நம்ம பழைய காரை ரெடி பண்ணி முடிச்சதும் அதுலயே கிளம்பறேன். இங்கதான் அத்தான் இருக்காரே, எனக்கென்ன கவலை?"

"அதானே," என்றார் மாமனார், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. "மாப்பிள்ளை எங்க போகப் போறார்?"

என் மனைவி தலை நிமிரவே இல்லை. அவன் போய்விட்டால் நான் சாகும்வரை அங்கேதான். ஆக, அந்தக் காரை முடிக்கவிடக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

மாமனார் இளவயதில் வாங்கிய கார் அது. அதன் இன்ஜின் செத்துப்போய், விபத்தில் நொறுங்கிய ஒரு புதுக் காரின் இன்ஜினை மச்சினன் அதில் இறக்கியிருந்தான். இடம் போதவில்லை. இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரைச் சுற்றவிட முன்பக்கம் ஒரு பம்ப் இருக்கும். அது ரேடியேட்டரில் போய் இடித்தது. அதைக் கழற்றி, துளையைத் தகடு போட்டு அடைத்து, கீழே ரப்பர் ஹோஸுக்கு நடுவில் எலக்ட்ரிக் பம்ப் வைக்கலாம் என்றான். நானும் என்னால் ஆன முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தேன். ஹோஸை இறுக்கும் கிளாம்பை ஒளித்து வைத்தேன். ஒயரை மாற்றிச் செருகினேன். "யாரு கண்ணு பட்டுச்சோ அத்தான்" என்று சிரித்துக்கொண்டே சரிசெய்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் தண்ணீர் நிரப்பினோம். புதிதாக நிரப்பும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். அதை வெளியேற்றாவிட்டால் இன்ஜின் வெந்துவிடும். காற்று எடுப்பது என்போம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை தண்ணீரைச் சுற்றவிட வேண்டும். ஒருவர் மேலே குமிழியைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் காருக்கு அடியில், ஒர்க்ஷாப் தரையில் வெட்டிய குழிக்குள் நின்று, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அவன் குழிக்குள் இறங்கினான். ஏதாவதென்றால் ஸ்பேனரால் அடித்தட்டில் தட்டுவதாகப் பேச்சு.

வெளிச்சம் படட்டும் என்று சொல்லிக் காரைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். குழியின் படிகள் காருக்கு அடியில் போயின. ஷட்டரை இறக்கினேன். மேலே மாமனார் தூங்கும் நேரம், சத்தம் கேட்டால் அவருக்கு ஆகாது. பிறகு இன்ஜினை ஓடவிட்டேன். புகைக்குழாயின் பின்பாதியை நாங்கள் அப்போது மாட்டியிருக்கவில்லை. குழிக்கு நேர் மேலே அது திறந்து கிடந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் விபத்து என்று முடித்துவிட்டார்கள். இன்ஜின் ஓடாமல் எப்படி ஐயா காற்று எடுப்பது என்று கேட்டேன். பாவம், தலையாட்டினார்கள். பழைய பம்ப் இன்ஜின் ஓடினால்தான் சுற்றும். எலக்ட்ரிக் பம்புக்குப் பேட்டரி போதும். இன்ஜினைத் தொடவே வேண்டியதில்லை. குழிக்குள்ளிருந்து அவனும் அதைத்தான் கத்தினான்: "அத்தான், இன்ஜின் எதுக்கு? பம்ப்பை மட்டும் போடுங்க." காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அப்புறம் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். நான் ஆக்சிலரேட்டர் கேபிளைக் கையால் கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன். நாலு நாள் படுத்துக் கிடக்கட்டும், வேலை தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். தட்டுவது நின்றது. குமிழி இன்னும் வந்துகொண்டிருந்தது. எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

அவன் சாகவில்லை. புகையில் மூளை கெட்டுவிட்டது என்றார் டாக்டர். கட்டிலில் கிடக்கிறான், யாரையும் தெரியவில்லை. சோறு நான்தான் ஊட்டுகிறேன். வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுகிறான், என்னிடம் மட்டும் சமத்தாக வாயைத் திறக்கிறான். "நீங்க மட்டும் இல்லேன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும் மாப்பிள்ளை" என்று மாமனார் அழுகிறார். வெளியூர்ப் பேச்சை மெதுவாக எடுத்துப் பார்த்தேன். "இவனை இப்படி விட்டுட்டா? உங்களுக்கு மனசு வருமாங்க?" என்றாள் மனைவி. வராது என்றேன். வேறென்ன சொல்வது?

முடியவில்லை, ஐயா. அதனால்தான் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். எத்தனை வருஷம் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் ஏன் பேனாவை மூடிவிட்டீர்கள்?

வீட்டுக்குப் போன் செய்துவிட்டீர்களா?

அதோ, மாமனார் வந்துவிட்டார். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மச்சினனைப் பார்த்துப் பார்த்தே இவருக்கு மனசு ஒடிஞ்சு போச்சு. எழுந்திருங்க மாப்பிள்ளை, வீட்டுக்குப் போகலாம்."

மனசெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. தெரிந்தேதான் செய்தேன். உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். என்னை மாதிரி ஓர் அப்பாவியை இவரோடு அனுப்பாதீர்கள்.