செவ்வாக்கிழமை போட்ட ரெண்டு மார்க்கு

ரெண்டு மார்க்கு போட்டேன். போட்டது தப்பு. மாத்தணும்.

இல்ல சார், ஒக்கார வேணாம். நின்னுகிட்டே சொல்லிட்டுப் போறேன். பதினோரு மணிக்கு உங்களுக்கு மீட்டிங்கு, அந்தப் பொண்ண வெளிய அனுப்புறதுக்கு. தெரியும். இன்னும் இருவது நிமிஷம் இருக்குது. போதும்.

எந்தப் பொண்ணா? கிருஷ்ணப்ரியா. வாகட் ஏரியாலேர்ந்து வருதே. வயசானவங்க, சாவப் போறவங்க, இவங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணக் கத்துக்கிறோம்னு உங்ககிட்ட பன்னெண்டு சின்ன டாக்டருங்க இருக்காங்கல்ல, அதுல ஒண்ணு.

நான் யாரா? நல்லா இருக்குதே கத. ரெண்டு வருஷமா உங்க நாலாம் நம்பர் ரூம்ல ஒக்காந்து செத்துகிட்டு இருக்கேன். லூர்துசாமி. வீடு ஆகுர்டி. ஆங், அதேதான், மூணாம் நம்பர் பேஷண்ட். பேரச் சொன்னா தெரியல, நம்பரச் சொன்னா தெரியுது பாருங்க.

நடிக்கிற பேஷண்ட்தான். வியாழக்கிழமையானா ஒரு அட்டை குடுப்பீங்க. ஒரு வாரம் கிட்னி ஃபெயிலு. ஒரு வாரம் எலும்புல கேன்சரு. பசங்க ஒவ்வொண்ணா உள்ள வந்து, பெரியவரே உமக்கு நாள் எண்ணியாச்சுன்னு பக்குவமா சொல்லணும். நான் அழணும், இல்லன்னா கத்தணும், இல்லன்னா நம்ப மாட்டேன்னு மொரண்டு பிடிக்கணும். முடிஞ்சதும் பத்துக்கு இத்தினின்னு எழுதிப் பொட்டில போடணும். நெஜமா சாவறவன் வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட பழகிக்கிடட்டும்னு. நல்ல ஏற்பாடுதான். குத்தம் சொல்லல.

நான் கட்கியில, ஆர்ட்னன்ஸ் குண்டு ஃபேக்டரில இன்ஸ்பெக்‌ஷன் சார். முப்பத்தாறு வருஷம். ஷெல்ல ஒண்ணொண்ணா அளந்து பாத்து, ஒரு மயிரிழை கூடக்கொறைய இருந்தாலும் தூக்கிக் கடாசிடுவேன். அதே கைதான் இங்கயும். ஆறுக்கு மேல எவனுக்கும் போட்டதில்ல.

தருண்னு ஒரு பையன். எனக்கு நுரையீரல் போச்சுன்னு சொல்லிகிட்டே இருக்கான், அவன் பாக்கெட்ல போனு உர்ருங்குது. எடுப்பா, பிட்ஸா வந்துருக்கும், ஆறிடப் போவுதுன்னேன். மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. ப்ரீதின்னு ஒண்ணு, நான் போட்ட கத்துல பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்துச்சு. மூணர மார்க்கு. வெளிய பெஞ்சில பசங்க பேசிப்பாங்களாம், மூணாம் நம்பர் மட்டும் நமக்கு வரக்கூடாதுன்னு. கேட்டா எனக்கு குஷியா இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். வீட்ல என் சத்தத்துக்கு நாய்கூட எழுந்திருக்கிறதில்ல. இங்க டாக்டருங்க நடுங்குறாங்க.

நீங்களே சொன்னீங்களே, நடிப்புன்னா மூணாம் நம்பர்தான்னு. கன்னம் ஒட்டிப்போச்சு, மேக்கப்பான்னு ஒருத்தி கேட்டா. நானும் ஆமாம்னேன்.

விஷயத்துக்கு வரேன். அவசரப்படாதீங்க. எனக்குத்தான் அவசரம்.

அந்தப் பொண்ணோட ஆராய்ச்சி இன்னா? வயசானவங்க ஏன் எளைச்சுப் போறாங்க. அதுக்கு எழுவது தாண்டின ஆளுங்க வேணும். நடிக்க வர்ற எங்களையே புடிச்சுது. எடை பாத்துச்சு, ரத்தம் எடுத்துச்சு, வயித்துல ஸ்கேனு. ஃப்ரீதானேன்னு நானும் படுத்தேன்.

அப்பறம் ஒரு நாள் போன் பண்ணுது. அங்கிள், வீட்லேர்ந்து யாரையாச்சும் கூட்டிட்டு வாங்கன்னு. அட, இந்த வாரம் அட்டையில புதுசா ஏதோ சேத்துருக்காங்கன்னு நெனச்சேன். தனியாத்தான் போனேன். அதே நாலாம் நம்பர் ரூமு. அதே நாற்காலி. மேசை மேல அதே மார்க்கு பேப்பர் கட்டு.

வந்து ஒக்காந்து கையப் புடிச்சுது. கைய எடு, நான் இன்னா உன் தாத்தாவான்னேன். மொதல்லேர்ந்து சொல்லுன்னேன்.

ரெண்டாவது வாட்டி ஹிந்தில ஆரமிச்சுது. ரிப்போர்ட்டு கொஞ்சம் கவலையா இருக்கு, அப்படி இப்படின்னு சுத்துது. நாக்பூர் போறதுக்கு கோவா வழியா போறியேம்மா, நேரா சொல்லத் தெரியாதான்னு கேட்டேன்.

மூணாவது வாட்டி பையிலேர்ந்து ஒரு காயிதம் எடுத்துச்சு. அதுக்குத் தமிழ் சரியா வராது சார். வீட்ல பேசுறதோட சரி, ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்துல தமிழ எழுதி வச்சுகிட்டு வாசிக்குது. உங்களுக்கு பேங்க்ரியாஸ்ல கட்டி இருக்கு. ஈரலுக்கும் போயிருச்சு. கொணமாக்க முடியாது. வலி இல்லாம பாத்துக்க எங்களால முடியும். நான் கூட இருப்பேன். வாசிச்சு முடிச்சுட்டு கண்ணுலேர்ந்து தண்ணி.

நான் சிரிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சேன். ஒண்ணாங்கிளாஸ் புள்ள கொடியேத்தத்துல ஒப்பிக்கிற மாதிரி இருந்துச்சு. இது நெஜம் அங்கிள்னுச்சு. அத எல்லாரும்தான் சொல்றாங்க! இது நடிப்புன்னு வாயத் தொறந்து சொல்லவே கூடாதுங்கிறது உங்க ரூலுதானே? சாவற ஆளு முன்னாடி அழுதா ரெண்டு மார்க்குக்கு மேல கெடையாதுன்னு அது கண்ணு முன்னாடியே எழுதி, மடிச்சு, பொட்டில போட்டுட்டு வந்துட்டேன்.

மறுநாளேர்ந்து போனு. ஒரு நாளைக்கு ஆறு வாட்டி, ஏழு வாட்டி. மார்க்குக்குக் கெஞ்சுதுன்னு கட் பண்ணேன். அப்பறம் ப்ளாக்கே பண்ணிட்டேன். விடல. வீட்டுக்கே வந்துருச்சு. வெயில்ல, ஸ்கூட்டி ஓட்டிகிட்டு ஆகுர்டி வரைக்கும். கேட்டத் தொறக்கல நான். பில்டிங்கே கேக்குற மாதிரி கத்துனேன். படிச்ச புள்ள மார்க்குப் பிச்சை எடுக்க வந்துருக்குது பாருன்னேன். எங்க வீட்டுக்காரி அந்தோணியம்மா, பாவம் தண்ணியாச்சும் குடுக்கட்டுமான்னா. குடுக்காதன்னேன். கேட்டுக்கு வெளிய நின்னு அங்கிள், அங்கிள்னு ரெண்டு வாட்டி கூப்டுச்சு. அவ முன்னாடி விஷயத்தச் சொல்லலாமா கூடாதான்னு யோசிச்சுருக்கும். சொல்லல. போயிருச்சு.

இன்னா பாக்கறீங்க? ஆமாம். இப்ப புரியுதா?

அது காயிதம் வாசிச்ச அன்னிக்குக் கிழமை செவ்வாய் சார். உங்க கிளாஸு வியாழக்கிழமை. ரிட்டயராயி பதினாலு வருஷம் ஆச்சு, எனக்குக் கிழமையெல்லாம் ஒண்ணுதான். ஆனா பொட்டியத் தொறந்தது நீங்க. பேப்பர்ல தேதி போட்டுருந்தேன். கிளாஸ் இல்லாத நாள்ல எப்படிடா மார்க்கு வந்துச்சுன்னு ஒரு வாட்டி பாத்துருக்கலாம். பாக்கல. ரெண்டு மார்க்கு, ஃபெயிலு, இனிமே பேஷண்ட் வீட்டுக்கு அனுப்பாதேன்னு எழுதிட்டீங்க. அது ஒண்ணுமே பேசலயாமே? எப்படிப் பேசும்? பேசணும்னா என் ஃபைல எடுத்து எல்லார் முன்னாடியும் காட்டணும். நோயாளி விஷயம் நோயாளிக்கு மட்டும்தான்னு நீங்கதான் கத்துக்குடுத்தீங்க. அத அந்தப் பொண்ணு காப்பாத்துச்சு.

ஏன் தனியா வந்துச்சுன்னு கேக்கறீங்களா? அத நீங்கதான் சொல்லணும். பெரிய டாக்டர் ஒருத்தர் கூட இருக்கணும்னு ரூல் இருக்குதாமே. நீங்க தில்லில கான்ஃபரன்ஸ்ல இருந்துருக்கீங்க. நீயே சொல்லிடும்மா, நல்ல ப்ராக்டீஸுன்னு போன்ல சொன்னீங்களாம். ப்ராக்டீஸு!

கைய விடுங்க சார். எனக்கு ஒண்ணும் ஆகல. ராத்திரி முதுகுல வலி வருது, அவ்ளோதான். மூணு வாரமா வாயு மாத்திரை போட்டுகிட்டு இருக்கேன். மூத்திரம் மஞ்சளாப் போறதுக்கு வாயு மாத்திரை போட்ட ஆளு உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

கேக்குறது இவ்ளோதான். மீட்டிங்ல அந்த ரெண்டக் கிழிச்சுப் போடுங்க. எவ்ளோ போடணும்னு நான் சொல்லல, இனிமே மார்க்கு போடுற வேலையே எனக்கு வேணாம். அந்தப் பொண்ணு உங்க அனுமதியோட எங்க வீட்டுக்கு வரணும். அந்தோணியம்மாவுக்கு இன்னும் தெரியாது. ரெண்டு வருஷமா முன்னூறு வாட்டி என் சாவச் சொல்லக் கேட்டுருக்கேன், எப்படிச் சொல்லணும்னு எவன் கேட்டாலும் கிளாஸ் எடுப்பேன். நேத்து ராத்திரி அவ முன்னாடி ஒக்காந்தேன். வாயத் தொறந்தேன். குழம்புல உப்பு கம்மின்னேன். அந்தப் பொண்ணு வரட்டும். அந்தக் காயிதத்தையே எடுத்துட்டு வந்து வாசிக்கட்டும். நான் கூட ஒக்காந்துப்பேன்.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதா? உங்க டாக்டருங்க எவனும் சொல்லல. நேத்து வியாழக்கிழமை. அட்டை வாங்க வந்தேன், பெஞ்சில ஒக்காந்து, அந்த ரெண்டு மார்க்குப் பொண்ணு தொலஞ்சுதான்னு கேட்டேன், நக்கலா. ரூமு பெருக்கி, டீ குடுக்குற ஆளு கையில தட்டோட நின்னுச்சு. தட்டக் கீழ வச்சுது. பக்கத்துல ஒக்காந்துச்சு. அன்னிக்கு ரூமுக்குச் சாவி குடுத்ததே நான்தான் சாச்சா, கிளாஸே இல்ல, அது நெஜம், மேடம் ஜீனால, மாடிப்படியில ஒக்காந்து ஒரு மணி நேரம் அழுதாங்க, நீங்க சீக்கிரம் வைத்தியம் பாத்துக்கோங்கன்னு சொல்லுச்சு. தில்லி போன் விஷயமெல்லாம் அப்பறம் சொன்னது, இது மொத்தம் அரை நிமிஷம். நான் ஒரு வார்த்த எதுத்துப் பேசல.

பேரா? உங்க ஆளு பேரு உங்களுக்கே தெரியாதா?

சலீம்.