மைனஸ் பதினெட்டில் ஒரு நாவலாசிரியர்

பனியாம், பெரிய பனி! இந்த மனுஷனுக்கு நாவல் எழுத வேற எடமே கெடைக்கலியாக்கா? ஒரு கடற்கரை, ஒரு ரயிலடின்னு எழுதித் தொலைச்சிருந்தா நான் ஏன் இந்த கிளினிக் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு... கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, பை இடிக்குது. அக்கான்னு கூப்பிடலாமில்ல? நீங்க சின்னவங்களா இருந்தாலும் பரவால்ல, ஒரு மரியாதைதானே.

கொஞ்ச நேரம் முன்னாடி உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, ஒதடெல்லாம் நீலமா... ஆங், அவருதான் எங்க வீட்டுக்காரரு. பள்ளிக்கூடத்துல பூகோளம் நடத்துறாரு. மிச்ச நேரமெல்லாம் நாவல். பனியப் படத்துல கூட சரியாப் பாத்ததில்ல, ஆனா நானூறு பக்கத்துக்குப் பனி பெய்ய வெச்சிருக்காரு!

பதிப்பாளரு திருப்பி அனுப்பிட்டாரு. "ஐயா, உங்க பனியில குளிரே இல்லையே"ன்னு ஒரு வரி. அந்தாளு சொன்னது சரிதாங்க்கா. இவரே சொன்னாரு, கதாநாயகன் பனிக்காட்டுல நடந்து களைச்சுப்போயி மர நெழல்ல ஒதுங்குறானாம். கைக்குட்டையால வேர்வைய வேற தொடச்சிக்கிறான்! சிரிக்காதீங்க... சரி, சிரிங்க, நானும் சிரிச்சேன். இவரு ரெண்டு நாள் சாப்பிடல.

மூணாம் நாளு, "உங்க கம்பெனி குளிர்கிடங்குல ஒரு பத்து நிமிஷம் நிக்கிறேனே"ன்னு கெஞ்சுறாரு. நான் மீன் கம்பெனியில சூப்பர்வைசருக்கா. மைனஸ் பதினெட்டு. மீனே வெறைச்சுக் கட்டையாயிடும்! ஆனா அந்த மூஞ்சியப் பாத்தா... வேணாம்னு சொல்ல மனசு வரல. இன்னிக்கு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பாத்துக் கூட்டிட்டுப் போனேன்.

கோட்டு குடுத்தேன், வேணாம்னுட்டாரு. கோட்டு போட்டா குளிரு எப்படித் தெரியுமாம்! ஒரு நோட்டு, ஒரு பென்சிலு, அவ்வளவுதான். கையில இருந்த நாவல் பேப்பர் கட்ட என்கிட்ட நீட்டி, "பேப்பர் நமுத்துப் போயிடும், நீ வெச்சிரு"ன்னாரு. போனாரு. நான் கதவ மூடிட்டு ஸ்டூலப் போட்டு உக்காந்தேன்.

பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணுமே... புரட்டினேன். கல்யாணமாயி பத்தொம்பது வருஷத்துல அவரு எழுதினது ஒரு வரி நான் படிச்சதில்லக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

அந்த வேர்வைக் கூத்தெல்லாம் மொதப் பத்து பக்கந்தான். அதுக்கப்புறம்... எப்படிச் சொல்றது... அவன் பனியில வழி தப்பிப் போயிடுறான். பொண்டாட்டிக்காரி ஜன்னல்ல வெளக்க வெச்சிக்கிட்டுக் காத்திருக்கா. அவ புருஷனத் திட்டிக்கிட்டே இருக்கா பாருங்க, அப்படியே நான்! எப்பக்கா இதெல்லாம் ஒட்டுக்கேட்டாரு? ஒரு வழியா அவன் தவழ்ந்து வந்து கதவத் தட்டுறான். இவ அசந்து தூங்கிட்டா. தட்டுறான், தட்டுறான்... "அடியே, எழுந்திரிடீ!"ன்னு நான் வாய்விட்டே கத்துறேன். கண்ணுல தண்ணி. தட்டுற சத்தம் எனக்கு நெஜமாவே கேக்குதுக்கா! அடேயப்பா, என்னா எழுத்துன்னு நெனச்சிக்கிட்டு பக்கத்தத் திருப்புறேன்.

அப்படிப் பாக்காதீங்க... ஆமா. நாப்பது நிமிஷம்.

கிடங்குக் கதவோட உள்பக்கக் கைப்பிடி ஒடைஞ்சு மூணு மாசமாச்சு. ரிப்பேருக்கு எழுதிப் போடவேண்டியவ யாருங்கிறீங்க? நான்தான்.

சாப்பிடப் போன டிரைவரு வந்துதான், "உள்ள யாரோ தட்டுறாங்களே, கேக்கலியா?"ன்னாரு. ஓடிப்போயித் தெறந்தா, புருவமெல்லாம் வெள்ளையா நிக்கிறாரு. பல்லு தந்தியடிக்குது. நான் "ஐயோ, ஐயோ"ன்னு அழுவறேன். அவரு என்னப் பாக்கல, என் கையில இருந்த கட்டப் பாத்தாரு. "எ... எத்... எத்தனாவது பக்கம்?"

"நூத்திப் பன்னண்டு"ன்னேன்.

சிரிக்கிறாருக்கா! ஒதடு ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது, ஆனாலும் சிரிக்கிறாரு.

வெரலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுட்டாரு டாக்டரு. வெதுவெதுன்னு தண்ணியில முக்கி வெச்சிருக்காங்க. எப்படி ஆச்சுன்னு டாக்டரு கேட்டதுக்கு இவரு, "கதவு சிக்கிக்கிச்சு, பாவம் இவ வெளிய நின்னு ரொம்பப் போராடுனா"ன்னு சொல்றாரு. என்னப் பக்கத்துல நிக்க வெச்சிக்கிட்டே! எனக்கு எங்க மூஞ்சிய வெச்சிக்கிறதுன்னு தெரியல...

அட, எங்க எழுந்திட்டீங்க? உங்க நம்பர் இன்னும் வரலியே! அந்தப் பெஞ்சுல ஃபேன் கூட கெடையாதே...

சரி, போங்க போங்க. நல்லதாப் போச்சு, நாவல் கட்டு பையிலதான் இருக்கு. அவ எழுந்து கதவத் தெறந்தாளா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது.